சிறைக்குப் போன கடிதங்கள்

ஞாயிறு, இரவு

'தி ஸ்டேர்கேஸ்' ஆவணத் தொடரை இன்று பார்க்கத் தொடங்கினோம். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம், டர்ஹம் நகரம். 2001 டிசம்பர் 9, விடியாத நேரம். மைக்கேல் பீட்டர்சன் என்ற நாவலாசிரியர் அவசர உதவிக்கு 911-ஐ அழைக்கிறார். மனைவி மாடிப்படியில் விழுந்துவிட்டாள், மூச்சு இருக்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்று பதறுகிறார். எத்தனை படி என்று எதிர்முனையில் கேட்கிறார்கள். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டதும் பதினைந்தோ இருபதோ என்று ஏதோ சொல்கிறார்.

என் கணவர் ரிமோட்டை எடுத்து அந்த இடத்தில் நிறுத்தினார். மாவட்ட நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். "நிஜமாப் பதறுறவனும் இப்படித்தான் பேசுவான், நடிக்கிறவனும் இப்படித்தான் பேசுவான். குரலை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

இறந்துபோன காத்லீனுக்கு வயது 48. நார்டெல் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். 1997-ல் நடந்த திருமணம், இருவருக்குமே இரண்டாவது. காத்லீனுக்கு ஒரு மகள், பீட்டர்சனுக்கு இரண்டு மகன்கள், அவர் வளர்த்த இரண்டு பெண்கள் என எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருக்கிறார்கள். பிந்திய வயதில் வந்த காதல் என்று பேசுவதானால் முதலில் இந்தத் திருமணத்தைத்தான் சொல்ல வேண்டும்.

திங்கள்

விசாரணைப் பகுதிகள். ஒயின் குடித்திருந்தாள், தடுமாறி விழுந்தாள், நான் வெளியே நீச்சல் குளத்தருகே இருந்தேன் என்கிறார் பீட்டர்சன். தலையின் பின்புறம் ஏழு கிழிசல் காயங்கள், படிச்சுவர் முழுக்க ரத்தம், இது எப்படி விபத்தாகும் என்கிறது அரசுத் தரப்பு. ஆனால் மண்டையோட்டில் விரிசல் இல்லை. அடித்திருந்தால் எலும்பு உடைந்திருக்காதா என்கிறது எதிர்த் தரப்பு. இரண்டும் சரியான கேள்விகள்தான்.

ஆயுதம் எது? கணப்பு அடுப்பைக் கிளறவும் ஊதவும் பயன்படும் நீளக் குழாய் ஒன்றை அந்த வீட்டுக்குக் காத்லீனின் சகோதரி பரிசளித்திருந்தார். நம் ஊர் ஊதாங்குழலின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் காணவில்லை, அதைக் கொண்டுதான் அடித்திருக்கிறார் என்று வாதிட்டார்கள். விசாரணை முடியும் தறுவாயில் அது வீட்டுக் கார் ஷெட்டில் தூசும் ஒட்டடையுமாகக் கிடைத்தது. ஒரு நெளிவுகூட இல்லை.

இன்னொரு அடி ஜெர்மனியிலிருந்து வந்தது. 1985-ல் அங்கே பீட்டர்சன் குடும்பத்தின் தோழி எலிசபெத் ராட்லிஃப் மாடிப்படியின் கீழே இறந்து கிடந்தார். மூளையில் ரத்தக் கசிவு என்று அப்போது முடித்துவிட்டார்கள். இந்த வழக்குக்காக உடலைத் தோண்டியெடுத்து, அது கொலை என்று புதிதாக அறிக்கை கொடுத்தார்கள். அந்தச் சாவுக்காக பீட்டர்சன் மீது வழக்கு எதுவும் போடப்படவில்லை. என்றாலும் ஜூரிகளின் காதில் விழுந்தது விழுந்ததுதான். 2003 அக்டோபர் 10, குற்றவாளி என்று தீர்ப்பு. பரோல் இல்லாத ஆயுள் சிறை. அன்றைக்கு அவருக்கு வயது 59.

காத்லீனின் மகள் முதலில் மாற்றாந்தந்தையின் பக்கம்தான் நின்றார். பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்த பிறகு எதிர்ப்பக்கம் போனார். எலிசபெத்தின் இரண்டு மகள்கள்தான் பீட்டர்சன் வளர்த்த பெண்கள். தங்கள் தாயின் சாவையும் அவர் தலையில் சுமத்தப் பார்த்த பிறகும் அவரைவிட்டு அசையவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே காகிதக் கட்டைப் பார்த்தவர்கள்.

செவ்வாய்

இந்தத் தொடரைப் பற்றிப் பேச வேண்டியவர் அதில் ஓரிடத்திலும் வருவதில்லை. சோஃபி ப்ரூனே, பாரிஸைச் சேர்ந்த படத்தொகுப்பாளர். ஆஸ்கர் வாங்கிய பிரெஞ்சு இயக்குநர் ழான்-சேவியே து லெஸ்த்ராட், பீட்டர்சன் கைதான சில வாரங்களிலிருந்தே அவரைப் படம்பிடித்தார். நூற்றுக்கணக்கான மணி நேரக் காட்சிகள். அவற்றை எட்டுப் பகுதிகளாக வெட்டிக் கோத்தவர்களில் சோஃபி முக்கியமானவர். 2004-ல் தொடர் வெளியானது. சோஃபி சிறைக்குக் கடிதம் எழுதினார், பதில் வந்தது. அது காதலாகிப் பல ஆண்டுகள் நீடித்தது.

பத்திரிகையில் இருந்தபோது ஒலிநாடாவை ஓட்டி ஓட்டிப் பேட்டி எழுதியவள் நான். ஒருவர் எங்கே மூச்செடுப்பார், எந்தச் சொல்லுக்கு முன்னால் தயங்குவார் என்பதெல்லாம் இரண்டு நாளில் அத்துப்படியாகிவிடும். நேரில் பார்த்தால் அவர் நம்மை யாரென்று கேட்பார். நமக்கோ அவர் வீட்டு மனிதர்போல இருப்பார். சோஃபிக்கு இது எத்தனை மடங்கு நடந்திருக்கும்! அவர் கேட்டது வெறும் குரல் அல்ல. ஒரு மனிதனின் சிரிப்பு, கண்ணீர், வக்கீலிடம் அடிக்கும் ஜோக், காமிரா இருப்பதை மறந்த முகம், மறக்காத முகம் எல்லாவற்றையும் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தவர்.

அதே வேலை இன்னொன்றையும் கற்றுக்கொடுக்கும். ஒரு மௌனத்தை அரை விநாடி நீட்டினால் அவன் கல்நெஞ்சன். அரை விநாடி குறைத்தால் துயரத்தில் இருப்பவன். முகத்தை நம்பக்கூடாது என்று தெரிந்த தொழில்காரி அவர். தெரிந்தேதான் நம்பியிருக்கிறார்.

புதன்

மதுரையிலிருந்து அக்கா பேசினாள். கதையைச் சொன்னேன்.

"அவ நம்புறாளா, பாவப்படுறாளா?"

"நம்புறாங்கன்னுதான் தோணுதுக்கா."

"உள்ள இருக்கிறவன் சட்டையைத் துவைக்க வேண்டாம். குழம்புல உப்பில்லைன்னு தட்டைத் தள்ள மாட்டான். கடுதாசியில எல்லாரும் நல்லவங்கதான்டி."

சிரித்துவிட்டு, இல்லை என்று வாதாடினேன். பரோலே இல்லாத ஆயுள் கைதி. பணமும் கிடையாது, சேர்ந்து வாழும் நம்பிக்கையும் கிடையாது. சௌகரியத்துக்காக யாராவது இதைத் தேர்ந்தெடுப்பார்களா?

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அத்தான் போன சில வருஷங்களுக்குப் பிறகு, கூட வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர், மனைவியை இழந்தவர், அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நாங்களும் வாய் திறக்கவில்லை. அது அப்படியே நின்றுபோனது.

"என் விஷயத்துல அவர் மேல ஒரு பெட்டி கேஸ்கூட இல்ல. அதுக்கே நம்ம வீட்ல ஜட்ஜ்மென்ட் எழுதிட்டீங்க" என்றாள். பிறகு வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள்.

வியாழன்

இன்றைய பகுதிகளில் வழக்கே தலைகீழாகிறது. மாநிலப் புலனாய்வு அமைப்பின் ரத்தத்தடய நிபுணர் டுவேன் டீவர் சொன்ன சாட்சியம்தான் தண்டனைக்குப் பெரிய தூண். வேறொரு வழக்கில் அவருடைய ஆய்வக அறிக்கை சந்தி சிரித்த பிறகு இதையும் கிளறினார்கள். தகுதி பற்றியும் சோதனை பற்றியும் நீதிமன்றத்தைத் தவறாக வழிநடத்தினார் என்று கண்டு, தண்டனை விதித்த அதே நீதிபதி ஆர்லாண்டோ ஹட்சன் 2011 டிசம்பரில் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். பீட்டர்சன் வெளியே வந்தபோது வயது 68. கணுக்காலில் கண்காணிப்புப் பட்டை.

மறுவிசாரணை நடக்கவே இல்லை. 2017 பிப்ரவரியில் ஆல்ஃபர்ட் முறையில் வழக்கை முடித்துக்கொண்டார். நான் நிரபராதிதான், ஆனால் தண்டிக்கப் போதுமான சாட்சியம் அரசிடம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன் என்பது அதன் பொருள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970-ல் ஏற்றுக்கொண்ட முறை. அந்த மூல வழக்கும் இதே வட கரோலினாவிலிருந்து போனதுதான். கொலைக் குற்றம் இறங்கி, கொலையாகாத மரணம் என்று பதிவானது. விதித்த தண்டனையைவிட அதிக காலத்தை அவர் ஏற்கெனவே உள்ளே கழித்துவிட்டதால் வீட்டுக்குப் போனார்.

என் கணவருக்குக் கோபம். "நம்ம ஊர்ல கொலைக் கேஸ்ல இந்தப் பேரமே கிடையாது" என்றார். உண்மைதான். 2006-ல் நம் சட்டத்துக்கு வந்த குற்றப் பேரம், ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களைத் தொடாது. "செஞ்சானா இல்லையான்னு கோர்ட் சொல்லணும். சொல்லாம கட்டை மூடிட்டா அந்தம்மா எப்படிச் செத்தாங்கன்னு யாரு சொல்றது?"

காத்லீனின் சகோதரியும் அந்த நாள் நீதிமன்றத்தில் நின்று தன் ஆத்திரத்தைக் கொட்டினார்.

வெள்ளி

சிறையிலும் வீட்டுக்காவலிலும் தாக்குப்பிடித்த உறவு, வழக்கு முடிந்த சில மாதங்களில், 2017 மே மாதம் முறிந்தது. ஏன் என்பது அவர்கள் இருவர் விஷயம். அக்காவிடம் சொன்னால் உப்பில்லாத குழம்பு என்பாள். நான் அவ்வளவு சுலபமாக முடிக்க மாட்டேன். ஆனால் சந்தேகம்தான் அந்தக் காதலைக் கொல்லும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

சோஃபி கொலைகாரனை அழகாக்கிக் காட்டினார் என்று இன்றும் திட்டுகிறார்கள். 2022-ல் எச்பிஓ மேக்ஸில் வந்த நாடகத் தொடரில் ஜூலியட் பினோஷ் அந்தப் பாத்திரத்தில் வந்தார். படம் வெட்டும்போதே காதல் முளைத்ததுபோல் காட்டியதில் சோஃபியும் இயக்குநரும் கொதித்தார்கள். உணர்ச்சி வேலையில் கலக்கவில்லை என்பது லெஸ்த்ராட்டின் வாக்கு.

எனக்குத் தோன்றுவது இது. ஒருவரை நம்பி நேசிப்பது அவரவர் சொந்தப் பொறுப்பு. நீதிமன்றம்போல அதற்குக் காரணங்கள் எழுத வேண்டிய கட்டாயம் சோஃபிக்கு இல்லை, என் அக்காவுக்கும் இருந்திருக்கக் கூடாது. அந்த நம்பிக்கை பொய்த்தால் விலை கொடுப்பவரும் நேசித்தவர்தான். ஆனால் பீட்டர்சனை நல்லவராகப் பார்த்த கண்கள் வழியாகத்தான் நானும் அவரைப் பார்த்தேனா என்ற கேள்வி என்னுடையது. படம் பிடிக்கும்போது காத்லீன் உயிரோடு இல்லை. ஒருவரும் அவர் முகத்தை அரை விநாடி நீட்டி வைத்துப் பார்க்கவில்லை. 2018-ல் தொடர் 13 பகுதிகளாக நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது இந்த உறவைப் பற்றித் தொடர் ஒன்றும் சொல்லவில்லை. இயக்குநரின் பத்திரிகைப் பேட்டியில்தான் தெரியவந்தது. படம் முடிந்த பிறகுதான் காதல் என்றே வைத்துக்கொண்டாலும், தலைப்பில் ஒரு வரி போட்டிருக்க வேண்டும். காதலுக்கு அது ஒரு குறையும் செய்திருக்காது. காத்லீனுக்குக் கொஞ்சம் நியாயம் செய்திருக்கும்.