தற்காலிகக் கிரீடம்



எழுபதைத் தாண்டிய நாலு பேர் நம்ம ஊர் கடற்கரையில் உட்கார்ந்தால், பேச்சு முதலில் சர்க்கரையில் தொடங்கும், அப்புறம் முட்டிவலிக்குப் போகும், மூன்றாவதாகப் பல்லுக்கு வரும். போன வருஷம் என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கெனால் செய்து, மேலே ‘கேப்’ போட்டார்கள். அதிலிருந்து நம் வட்டத்தில் பலர் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். நான் வைத்தியன் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்த குமாஸ்தா. எனக்குப் புரிந்ததை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

பல் டாக்டர் என் பேத்தி வயசுப் பெண். “ஐயா, இன்னிக்கு இம்ப்ரெஷன் எடுத்து டெம்பரரி போட்டுடுவோம். பத்து பன்னிரண்டு நாள்ல கிரவுன் வந்துடும்” என்றார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் புத்தி எங்கே போகும்? மூன்று சொல்லும் எனக்குள் பிரெஞ்சில்தான் ஓடின. ஆம்ப்ரேந்த், ப்ரோவிசுவார், கூரோன். ஆம்ப்ரேந்த் என்றால் பதிவு. கட்டைவிரல் ரேகைக்கும் அதே சொல்தான். மை தடவி எத்தனை பேரிடம் கைநாட்டு வாங்கியிருப்பேன்! இப்போது என் பல்லே கைநாட்டு வைக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல் ஏற்கெனவே சொத்தையில் பாதியை இழந்திருக்கும். அதோடு மென்றால் பிளந்துபோகலாம். அதனால் மேலே ஒரு மூடி தேவை. மூடிக்கு இடம் வேண்டுமே! பல்லைச் சுற்றிலும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டரும் மேல்பக்கம் இன்னும் கொஞ்சமும் சீவுகிறார்கள். பிறகு ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய நூல் ஒன்றைச் செருகிச் சில நிமிஷம் வைக்கிறார்கள். ஈறு சற்று விலகி, சீவிய விளிம்பு தெளிவாகத் தெரியும். இந்த விளிம்பு அளவில் சரியாகப் பதியாவிட்டால் கேப் சரியாக உட்காராது. மயிரிழை இடைவெளி இருந்தாலும் எச்சில் உள்ளே இறங்கி, மறுபடி சொத்தையில் கொண்டுபோய் விடும்.

அளவெடுக்க இரண்டு விதமான பொருள்கள். சீவிய பல்லுக்கு சிலிக்கோன். பரோட்டா மாவு போலக் கெட்டியாக ஒன்று, விளிம்புக்குள் ஓடிப்போகிற மாதிரி இளகலாக ஒன்று. ஒரு தட்டில் வைத்து வாயில் அழுத்தினால் நாலைந்து நிமிஷத்தில் ரப்பராக இறுகிவிடும். எதிர்வரிசைப் பற்களுக்கு அல்ஜினேட் என்ற தூளைத் தண்ணீரில் குழைத்து வைத்தார்கள். இந்த அல்ஜினேட் கடல்பாசியிலிருந்து வருகிறது. ராமேசுவரம், மண்டபம் பக்கம் எடுக்கிற கட்டக்கோரைப் பாசியிலும் இருப்பது அதே சரக்குதான். முன்பு அளவெடுக்க அகர் என்கிற வேறு பாசிச் சரக்கைப் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றதும்தான் அல்ஜினேட்டுக்கு மவுசு வந்தது. அல்ஜினேட் அளவு காய்ந்தால் சுருங்கிவிடும். அதனால் உடனே அதில் மாவுச்சாந்து ஊற்றி வார்ப்பு எடுத்துவிட வேண்டும்.

அந்தச் சாந்துக்குப் பெயர் பாரிஸ் சாந்து! பல் வைத்தியத்தைத் தனி சாஸ்திரமாக நூலில் எழுதிவைத்த பியேர் ஃபோஷார் ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் நூல் 1728-இல் வந்தது. அவர் மறைந்தது 1761-இல், நம்ம ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்த அதே வருஷம். மெழுகில் அளவெடுத்து அதில் சாந்து வார்க்கிற முறையை 1756-இல் எழுதிவைத்தவர் பிரஷ்ய அரசரின் பல் மருத்துவர் ஃபிலிப் பாஃப். இப்போது சிறு கேமராவை வாய்க்குள் சுற்றி அளவெடுக்கும் வசதியும் வந்துவிட்டது. தட்டை வைத்தாலே குமட்டுகிறவர்கள் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அளவு லேபுக்குப் போய் நிஜ கேப் வரும்வரை, சீவிய பல்மேல் பிளாஸ்டிக் போன்ற ஒரு தற்காலிக கேப்பை ஒட்டுகிறார்கள். ஒட்டும் பசையில் கிராம்பு வாசம் அடித்தது. கிராம்பு எண்ணெயில் இருக்கிற யூஜினால் அதில் சேர்ந்திருக்கிறதாம். வேண்டுமென்றே வலு குறைந்த பசையாகப் போடுகிறார்கள். திரும்பக் கழற்ற வேண்டுமே!

“பேருக்குத்தானே இது?” என்று கேட்டேன்.

“இல்லீங்க ஐயா. இது இல்லேன்னா பக்கத்துப் பல்லும் எதிர்ப் பல்லும் இடத்தைப் பிடிக்க நகரும். ஈறு மேலே ஏறும். அப்புறம் நாம எடுத்த அளவுக்கு மதிப்பே இல்ல” என்றார் அந்தப் பெண்.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. ஓய்வூதியப் பிரிவில் இருந்தபோது இறுதி ஆணை தாமதமானால் தற்காலிக ஓய்வூதியம் போடுவோம். அந்தப் பணத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். அதைப் பொய்ப் பணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அது வருகிறதே என்று இறுதி ஆணையைக் கேட்காமல் விட்டவரையும் நான் பார்த்ததில்லை. நம்ம ஊருக்கே அந்த அனுபவம் உண்டு. 1954 நவம்பர் முதல் தேதி ஆட்சி கை மாறியது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். நடுவில் ஏறத்தாழ எட்டு வருஷம். பள்ளிக்கூடம் நடந்தது, சம்பளம் வந்தது, கல்யாணம் காட்சி எல்லாம் நடந்தது. தற்காலிகம் என்று வாழ்க்கை நிற்கவில்லை. ஆனால் கடைசிக் கையெழுத்து விழுகிறவரை அந்தக் கோப்பை யாரும் மூடவும் இல்லை.

பல் விஷயத்தில் மட்டும் நம்மவர்கள் பாதியில் மூடிவிடுகிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பர், பேர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு எழுதச் சொன்னார். அவருக்கும் இதே சிகிச்சைதான். தற்காலிக கேப் போட்டார்கள். வலி போய்விட்டது. மகளுக்குப் பேறுகாலம் என்று வெளியூர் போனார். பிறகு தீபாவளி, பொங்கல். “வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று ஏழு மாசம் ஓட்டிவிட்டார். ரூட் கெனால் செய்த பல்லில் நரம்பு ஏது? உள்ளே என்ன நடந்தாலும் அது வலித்துச் சொல்லாது. பசை கரைந்து, விளிம்பு வழியாக எச்சில் இறங்கி, ஒரு நாள் இட்லி சாப்பிடும்போது தற்காலிக கேப் உடைந்து கையோடு வந்தது.

பணம் கட்டிச் செய்த நிஜ கேப் தயாராக இருந்தது. வைத்துப் பார்த்தால் உட்காரவில்லை. “இந்த அளவு ஏழு மாசத்துக்கு முந்தின வாயோடது, சார்” என்றாராம் டாக்டர். சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கியிருந்ததால் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அந்த கேப்பை நண்பர் ஒரு பொடி டப்பாவில் வைத்திருக்கிறார். திறந்து காட்டி, “கிரீடம் இருக்கு, ராஜாதான் இல்ல” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கம் அவர் முறுக்கு கடித்து ஒரு வருஷம் ஆகிறது.

ஆகவே, தற்காலிகம் போட்டுக்கொண்டவர்கள் கவனத்துக்குச் சில குறிப்புகள்:

ஜவ்வு மிட்டாய், கடலை மிட்டாய், அல்வா வேண்டாம். பிடித்து இழுத்துவிடும். முடிந்தவரை மறுபக்கம் மெல்லுங்கள். பயந்துகொண்டு பல் துலக்காமல் விடாதீர்கள், ஈறு வீங்கினால் நிஜ கேப் வைப்பது கஷ்டம். பல்லிடுக்கில் நூல் விடுகிறவர்கள் மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள். கழன்று விழுந்தால் பத்திரமாக எடுத்து வைத்து அன்றைக்கே போன் போடுங்கள். கடையில் விற்கும் ஒட்டுப்பசையால் நீங்களே ஒட்டாதீர்கள். பிரிட்ஜ் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரண்டு மூன்று பல் சேர்ந்த வேலை, ஒன்று நகர்ந்தாலும் மொத்தமும் உட்காராது. முன்பல்லுக்கு வெனீர் என்ற மெல்லிய ஓடு வைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், தற்காலிக வெனீரில் நகம் கடிக்கக் கூடாது, கொய்யாவைக் கடித்துத் தின்னக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கிளம்பும் முன்பே அடுத்த தேதியை வாங்கி நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். எனக்குப் பதினொன்றாம் நாள் நிஜ கேப் வந்தது. கடித்துப் பார்க்கச் சொல்லி, சற்று உயரமாக இருந்த இடத்தைத் தேய்த்து, கெட்டிப் பசை போட்டு உட்கார வைத்தார்கள். அதைப் போட்டு ஒரு வருஷமாகிறது, இன்றுவரை தொந்தரவில்லை.

இதைப் படிக்கிற யார் வாயிலாவது ஒரு தற்காலிகம் மாசக்கணக்கில் உட்கார்ந்திருந்தால், வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள். நாளைக் காலையிலேயே டாக்டருக்குப் போன் போடுங்கள்.