பினாங்குக் கடலில் ஒரு நாள்

பயணம் அறிவை விரிவாக்கும் என்பர் சான்றோர். நூலில் பலமுறை படித்தும் நெஞ்சில் நில்லாத ஒன்று, கண்ணால் ஒருமுறை கண்டதும் கல்மேல் எழுத்தாகப் பதிந்துவிடுகிறது. பேருந்து, ரயில், விமானம் ஆகியவற்றில் செல்லும் பயணங்களை இன்று நம் மாணவர்கள் பலரும் அறிவர். ஆயினும் கடற்பயணம் செய்தவர் நம்முள் மிகச் சிலரே. கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம் கடலை மறந்து வாழ்வது வியப்பிற்குரியது, சிந்தனைக்கும் உரியது.

சென்ற பள்ளி விடுமுறையில் நண்பர்கள் எழுவர் ஒன்றுகூடிப் பினாங்கு நீரிணையில் ஒரு நாள் கடலுலா மேற்கொண்டோம். எழுவரும் ஒரே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரே ஆண்டில் பயின்றவர்கள். தோட்டத்து லயங்களில் பிறந்து, பால்மரக் காட்டிடையே வளர்ந்தவர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வெவ்வேறு மாநிலங்களில் பணியாற்றிவிட்டுத் தலை நரைத்த பருவத்தில் மீண்டும் சந்தித்தோம். விருந்துண்டு கலைவதைவிட, வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்வோம் என்று ஒரு நண்பர் கூறினார். அதன்படி இருபது பேர் அமரத்தக்க மரக்கலம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தினோம்.

காலை எட்டு மணிக்கு ஜார்ஜ் டவுன் கரையிலுள்ள ஒரு படகுத்துறையிலிருந்து புறப்பட்டோம். எங்கள் இல்லத்தரசியர் கட்டித்தந்த புளிச்சோறும் வடையும் ஒரு கூடையில் இருந்தன. மலாய் மொழியில் ‘தைக்கோங்’ எனப்படும் படகுத் தலைவர் அறுபது வயது கடந்த மலாய்க்காரர். நாங்கள் ஆசிரியர்கள் என்று அறிந்ததும், “சிகு, முதலில் மிதவைச் சட்டையை அணியுங்கள், பாடம் பிறகு நடத்தலாம்” என்று சிரித்தபடி கூறினார். மாணவரைப் போல் வரிசையில் நின்று அணிந்துகொண்டோம்.

தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட இந்நீரிணை, ஜார்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அகலமே உடையது. மேற்கே பினாங்குத் தீவின் மலைகள் அரணாக நிற்பதால் பெருங்கடலின் அலைகள் இங்கே தணிந்துவிடுகின்றன. பழங்காலம் முதல் கப்பல்கள் இங்கே அஞ்சாமல் தங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். வடக்கே தொலைவில் கெடாவின் ஜெராய் மலை நீலநிறத்தில் தெரிந்தது. 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலையே பழைய மாலுமிகளுக்கு வழிகாட்டும் அடையாளம். அதன் அடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோயில்களின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தமிழர் ‘கடாரம்’ என்று அழைத்ததும் அப்பகுதியையே.

இத்துறைமுகம் போரையும் கண்டதுண்டு. 1914ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலையில், ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் பொய்யான புகைபோக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டு மாறுவேடத்தில் இங்கே நுழைந்து, ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. அதற்கு ஒரு மாதம் முன்னரே, செப்டம்பர் 22ஆம் நாள் இரவில், அதே எம்டன் சென்னை மீது குண்டு வீசியது. மிகவும் தந்திரக்காரனை “அவன் சரியான எம்டன்” என்று நம் பெரியவர்கள் கூறுவதன் பொருள் இப்போது விளங்கும். தாய்த்தமிழ்க் கரையையும் பினாங்குக் கரையையும் ஒரே கப்பல் கலங்கடித்தது. அந்த அளவுக்கு இவ்விரு கரைகளும் அன்று ஒரே கடல்வழியால் இணைந்திருந்தன.

படகு தெற்கு நோக்கிச் சென்று பினாங்குப் பாலத்தை அணுகியது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தின் மீது பலமுறை பேருந்தில் சென்றிருக்கிறோம். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போதுதான் அதன் பெருமை புலப்பட்டது. இப்பாலம் 1985ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில், சென்னைக்கும் மலேசியாவுக்கும் இடையே பயணிகளை ஏற்றிவந்த ‘சிதம்பரம்’ கப்பல் நடுக்கடலில் தீவிபத்துக்குள்ளாகிப் பலர் உயிரிழந்தனர். அதன்பின் அக்கப்பல் இவ்வழியே பயணிகளை ஏற்றி வரவில்லை. ஒரே ஆண்டில் ஒரு பாலம் பிறந்தது. நம் மக்களின் ஒரு கடற்பாலம் மறைந்தது.

சிதம்பரத்துக்கு முந்தியது ‘ரஜூலா’. 1926ஆம் ஆண்டு கடலில் இறக்கப்பட்ட அக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கிடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடியது. அறை வாங்கப் பொருளில்லாத ஏழை மக்கள் கப்பலின் தளத்திலேயே பாய் விரித்து, பெட்டியையும் பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு ஏறத்தாழ ஒரு வாரம் பயணம் செய்தனர்.

பாலத்தைக் கடந்ததும் காடு அடர்ந்த ஒரு தீவு எதிர்ப்பட்டது. “ஜெரஜாக்” என்று தைக்கோங் கை நீட்டிக் காட்டினார். அதுவரை ஓயாது பேசிய நாங்கள் தாமாகவே மௌனமானோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தீவில் தொழுநோய் மருத்துவமனையும், நோய்த்தடுப்பு முகாமும் அமைக்கப்பட்டன. கப்பலில் வந்த தொழிலாளர் அம்முகாமில் தங்கவைக்கப்பட்டு, நோயில்லை என்று உறுதியான பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். பிற்காலத்தில், 1969 முதல் 1993 வரை, அது சிறைத்தீவாகவும் விளங்கியது.

புறப்பட்டது முதல் படகின் நடுவிலேயே அமர்ந்து, நீரைப் பாராமல் இருந்த ஒரு நண்பர் அப்போது எழுந்து வந்தார். கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, முப்பது ஆண்டு நட்பில் எங்களிடம் கூறாத செய்தி ஒன்றைக் கூறினார்.

அவருடைய பாட்டி எட்டு வயதுச் சிறுமியாக நாகப்பட்டினத்தில் பெற்றோருடன் கப்பலேறியவர். பினாங்கை அடைய இரண்டு நாள் இருக்கையில், கைக்குழந்தையாகிய தம்பி காய்ச்சல் கண்டு இறந்துவிட்டான். தாயின் சேலைத் துண்டில் சுற்றி அவனைக் கடலில் விட்டார்கள். பின்னர் அக்குடும்பம் இத்தீவிலே தங்கவைக்கப்பட்டது. முகாமில் இருந்த நாள்களில் தாய் கடற்பக்கம் முகம் திருப்பவே இல்லையாம். பாட்டி வாழ்ந்த தோட்டத்திலிருந்து கடற்கரை சில மைல் தொலைவுதான். ஆயினும் சாகும்வரை அவர் கடலைப் போய்ப் பார்க்கவில்லை, பேரப்பிள்ளைகளையும் போகவிடவில்லை.

“எந்தக் கப்பல்?” என்று கேட்டோம். “பாட்டி சொல்லவில்லை. குழந்தையின் பெயரையும் சொல்லவில்லை. கேட்டுச் சொல்ல இன்று வீட்டில் எவரும் இல்லை” என்றார் நண்பர்.

தைக்கோங்குக்கு எங்கள் மொழி தெரியாது. எனினும் முகக்குறிப்பை உணர்ந்து என்னவென்று வினவினார். மலாயில் எடுத்துரைத்தோம். அவர் உடனே படகின் விசையைக் குறைத்தார். கூடையின் மீது நண்பரின் துணைவியார் வைத்தனுப்பிய மல்லிகைச் சரம் ஒன்று இருந்தது. நண்பர் அதை எடுத்து நீரில் விட்டார். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. பூச்சரம் சிறிது நேரம் படகோடு வந்து, பின்னர் விலகிச் சென்றது.

சற்று நேரத்துக்குப்பின் தைக்கோங் தம் கதையைக் கூறினார். அவருடைய பாட்டனார் அச்சே நாட்டிலிருந்து பாய்மரப் படகில் மிளகு ஏற்றி வந்து இங்கேயே தங்கிவிட்டவராம். அப்படகின் பெயரையும், அது கரையொதுங்கிய மாதத்தையும் அவர் தயங்காமல் கூறினார். “எப்படி நினைவிருக்கிறது?” என்று கேட்டோம். “என் தந்தை எனக்குக் கூறினார், நான் என் பிள்ளைகளுக்குக் கூறுகிறேன், அவ்வளவுதான், சிகு” என்றார். கல்லூரியில் பயின்ற எழுவரும் அவ்விடையைக் கருத்தூன்றிக் கேட்டுக்கொண்டோம்.

நண்பகலில் அமான் தீவை அடைந்து, மர நிழலில் அமர்ந்து உண்டோம். அங்கிருந்து பார்க்கையில், 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் கடல்மேல் வளைந்து கிடந்தது. எதிரே செபராங் பிறை. ரப்பர் வருவதற்கு முன்னரே, கரும்புத் தோட்டங்களுக்காகத் தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்ட நிலம் அது. மாலையில் கரை திரும்பும்போது, அந்த நண்பர் படகின் முன்பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

மாணவச் செல்வங்களே! விடுமுறை முடிந்ததும் எம் பள்ளியின் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு வினா எழுப்பினோம். “உங்கள் குடும்பத்தில் இந்நாட்டுக்கு முதலில் வந்தவர் யார்?” விடை தெரிந்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். குற்றம் உங்களுடையதன்று. லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் பட்டணம் சென்று, பெரியவர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்துவருகின்றனர். அவர்களோடு அவர்களுடைய கதைகளும் மறைகின்றன. மன்னர்களின் வரலாற்றை நூல்கள் காத்துக்கொள்ளும். பால்மரம் சீவியவரின் வரலாற்றைப் பேரப்பிள்ளைகள்தாம் காக்கவேண்டும்.

ஆகவே, இன்றே உங்கள் தாத்தா பாட்டியிடம் சென்று அமருங்கள். நம் குடும்பத்தில் முதலில் வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து? எந்தக் கப்பலில்? எந்தத் துறையில் இறங்கினார்? முதலில் வேலை செய்த தோட்டம் எது? இவ்வைந்து வினாக்களையும் கேட்டு, விடைகளை ஒரு தாளில் எழுதி வாருங்கள். ஒன்றிரண்டுக்கே விடை கிடைத்தாலும் போதும். அவற்றைத் தொகுத்து வைக்கப் பள்ளி நூலகத்தில் ஓர் ஏடு திறந்துள்ளோம்.

பெற்றோர்களே! ஆண்டில் ஒரு நாளேனும் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். மணலில் விளையாடட்டும், அலையில் கால் நனைக்கட்டும். பின்னர் மேற்குத் திசையைக் காட்டி, “அந்தப் பக்கமிருந்துதான் வந்தோம்” என்று கூறுங்கள்.