பொய் சொல்லக் கற்பித்தவர் யார்?

“தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்பது நம் முன்னோர் மொழி. பிள்ளைகளிடம் குறை காணும்போதெல்லாம் இதனை எடுத்துக் கூறுகின்றோம். ஆனால், அத்தொட்டிலை ஆட்டிய கை யாருடையது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நாங்களும் அவ்வாறு எண்ணிப் பாராதவர்களாகவே இருந்தோம். எங்கள் கண்ணைத் திறந்தவன் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன். பெற்றோர்களும் மாணவச் செல்வங்களும் அறிதல் நலம் எனக் கருதி அந்நிகழ்ச்சியை இங்கே எழுதுகின்றோம்.

1983ஆம் ஆண்டு. நாங்கள் திருமணமாகித் தோட்டத்து லயத்தில் குடியேறிய புதிது. எங்களில் ஒருவர் ரப்பர் ஆலையில் வேலை செய்தார். மற்றவர் நோயுற்றுத் தேறி வீட்டோடு இருந்தார். பக்கத்து வீட்டு அம்மையார் பால்மரம் சீவுபவர், கணவரை இழந்தவர். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற ஒழுக்குக் குறைந்துவிடும். ஆகவே இருள் பிரியுமுன் அவர் பெரட்டுக்குச் செல்ல வேண்டும். மங்குகளில் நிறைந்த பாலை எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பப் பிற்பகலாகிவிடும். ஆயக்கொட்டகையில் கைக்குழந்தைகளுக்கே இடம் போதவில்லை. அடுத்த ஆண்டுதான் பள்ளியில் சேரவேண்டிய தம் ஒரே மகனை அவர் எங்களிடம் ஒப்படைத்தார். “உங்கள் பிள்ளைபோல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். மாதம் 15 வெள்ளியும் கொடுத்து வந்தார்.

சிறுவன் சுறுசுறுப்பானவன். எங்களை ‘மாமா’, ‘அத்தை’ என்று அழைத்துக்கொண்டு வீடு முழுதும் சுற்றி வருவான். எங்கள் அடுக்களைப் பலகையில் ஒரு மைலோ டின் இருந்தது. தீபாவளிச் செலவுக்கென இருபது காசு நாணயங்களை அதில் சேர்த்து வந்தோம். ஒருநாள் எண்ணிப் பார்த்தபோது 2 வெள்ளி குறைந்திருந்தது.

பிரம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, “நீதானே எடுத்தாய்?” என்று கேட்டோம். சிறுவன் நடுங்கினான். “நான் இல்லை; எதிர் லயத்து அண்ணன்தான் எடுத்தான்” என்றான். எதிர் லயத்துப் பையனுக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டுக்கு அடிக்கடி விளையாட வருபவன். நாங்கள் வேறொன்றும் விசாரிக்கவில்லை. அன்று மாலையே அப்பையனின் தந்தையிடம் தண்ணீர்க் குழாயடியில் நாலுபேர் முன்னிலையில் சொல்லிவிட்டோம். அவர் மகனை இழுத்துச் சென்று இடுப்பு வாரால் அடித்தார். “நான் எடுக்கவில்லையப்பா!” என்று அவன் அலறிய ஓசை லயம் முழுதும் கேட்டது.

இரண்டு நாள் சென்றபின், மோட்டார் சைக்கிளில் ஐஸ் விற்பவர் வந்தார். எங்கள் வாயிலில் வண்டியை நிறுத்தி, “தம்பி எங்கே? போன வாரம் மூன்று நாளும் இருபது இருபது காசாகக் கொண்டு வந்து தானும் தின்று, சின்னப் பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுத்தானே!” என்று சிரித்தார். எங்களுக்குத் தலை சுற்றியது.

எங்களில் ஒருவர் கடுஞ்சினத்துடன் பிரம்பை ஓங்கினார். சிறுவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு, “மாமா, துணிக்காரர் வந்தபோது நீங்கள் வீட்டுக்குள்தானே இருந்தீர்கள்?” என்று கேட்டான்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டான். முந்திய மாதம் தவணைக்குத் துணி விற்பவர் பணம் வாங்க வந்திருந்தார். கையில் காசில்லை. “மாமாவும் அத்தையும் இல்லை என்று சொல்லிவிட்டு வா” என்று சிறுவனை வாயிலுக்கு அனுப்பிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றோம். அவனும் அவ்வாறே சொல்லி வந்தான். “கெட்டிக்காரன்!” என்று தட்டிக்கொடுத்து ஒரு பிஸ்கட்டும் கொடுத்தோம். அன்று பரிசு பெற்ற செயலுக்கு இன்று பிரம்படியா என்பதே அவனுடைய ஐயம். ஓங்கிய கை தானாகத் தாழ்ந்தது.

அன்றிரவு எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. “அடியாத மாடு படியாது” என்றார் ஒருவர். “அடிக்குப் பயந்துதானே பொய் சொன்னான், இன்னும் அடித்தால் இன்னும் நன்றாகப் பொய் சொல்வான்” என்றார் மற்றவர். தாயிடம் சொல்லாமல் மறைத்துவிடலாமா என்றும் எண்ணினோம். சொன்னால் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடுவாரோ என்ற அச்சம் இருந்தது. ஆனால், பிள்ளை எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். அவனைப் பெற்றவரிடம் மறைப்பது, கதவுக்குப் பின்னால் மறுபடியும் ஒளிந்துகொள்வதாகும் என்று தெளிந்தோம்.

மறுநாள் அந்த அம்மையாரிடம் துணிக்காரர் செய்தி உட்பட அனைத்தையும் கூறினோம். “நீங்கள் பார்த்துக்கொண்ட இலட்சணம் இதுதானா?” என்று கேட்டு அழுதார். எங்களிடம் மறுமொழி இல்லை. நெடுநேரம் கழித்து, “இனி என்ன செய்யப் போகிறீர்கள்?” என்றார்.

அன்று மாலை சிறுவனை அழைத்துக்கொண்டு எதிர் லயத்துக்குச் சென்றோம். முதலில் நாங்களே பேசினோம். “தீர விசாரிக்காமல் உங்கள் மகன்மீது பழி சுமத்தியது எங்கள் குற்றம், மன்னிக்க வேண்டும்” என்றோம். பின்னர் சிறுவன், “அண்ணே, காசை நான்தான் எடுத்தேன்” என்றான். தந்தை தலை குனிந்தார். அடிபட்ட பையனோ எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். பின்னர்க் குழாயடியிலும், பழி சொன்ன அதே இடத்தில், உண்மையைச் சொன்னோம்.

எடுத்த பணத்தை ஈடுசெய்யவும் வழி வகுத்தோம். கோழிகளுக்குத் தீனி வைத்துக் கூட்டைத் துப்புரவு செய்தால் நாளுக்கு இருபது காசு என்று பேசினோம். பத்து நாளில் 2 வெள்ளியையும் அவன் கையாலேயே டின்னில் போட்டான். டின்னை நாங்கள் ஒளித்து வைக்கவில்லை. அதே பலகையில் இருந்தது. துணிக்காரர் மறுபடி வந்தபோது சிறுவன் பார்த்திருக்க, “இம்மாதம் முடியவில்லை, அடுத்த மாதம் தருகின்றோம்” என்று நேரில் நின்று சொன்னோம். அவர் சற்று முணுமுணுத்துவிட்டுச் சென்றார். அவ்வளவுதான். இதற்கு அஞ்சியா ஒரு குழந்தையைப் பொய் சொல்ல வைத்தோம் என்று வெட்கினோம்.

சில வாரங்கள் சென்றன. ஒருநாள் அரிக்கன் விளக்கின் கண்ணாடி உடைந்த ஓசை கேட்டது. யாரும் கேட்குமுன்னே சிறுவன் ஓடி வந்தான். “அத்தை, நான்தான் உடைத்தேன்” என்றான். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டான். அன்று நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அன்று அனுபவத்தால் அறிந்ததை இன்று ஆய்வாளரும் கூறுகின்றனர். கனடா நாட்டு உளநூல் அறிஞர்களான விக்டோரியா தால்வாரும் காங் லீயும் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், மேற்கு ஆப்பிரிக்காவின் இரு பள்ளிகளை ஒப்பிட்டனர். அடித்துத் தண்டிக்கும் பள்ளியின் குழந்தைகளே மிகுதியாகப் பொய் கூறினர். அதைத் திறமையாக மறைக்கவும் செய்தனர். 2014ஆம் ஆண்டு அவர்கள் பிறரோடு சேர்ந்து வெளியிட்ட மற்றோர் ஆய்வு கதைகளைப் பற்றியது. பொய்யனுக்குக் கேடு வரும் ‘புலி வருது’ போன்ற கதையைக் கேட்ட குழந்தைகளிடம் பொய் குறையவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு தந்தையின் பாராட்டைப் பெற்ற சிறுவன் வாசிங்டனின் கதையைக் கேட்டவர்களே மிகுதியாக உண்மை பேசினர்.

காந்தியடிகளும் பதினைந்து வயதில் தம் தமையனாரின் பொற்காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடியவர்தாம். குற்றத்தைத் தாளில் எழுதித் தந்தையிடம் கொடுத்தார். நோயுற்றிருந்த தந்தை அதைப் படித்துக் கண்ணீர் வடித்தார், தாளைக் கிழித்தெறிந்தார், அடிக்கவில்லை. அக்கண்ணீரை அடிகள் இறுதிவரை மறக்கவில்லை.

பெற்றோர்களே! குற்றம் தெரிந்த பின்னும், “நீயா செய்தாய்?” என்று பிரம்போடு கேட்டுப் பிள்ளையைப் பொய்யின் பக்கம் தள்ளாதீர்கள். “நடந்ததைச் சொல், சரிசெய்வோம்” என்று கேளுங்கள். சரிசெய்யும் பொறுப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்கு முன், அப்பொய்யை அவன் எந்தக் கதவருகே கற்றான் என்று பாருங்கள்.

மாணவச் செல்வங்களே! சிறு பொய்யும் வேறொருவர் முதுகில் அடியாக விழக்கூடும். எங்களிடம் வளர்ந்த சிறுவன் இன்று பிள்ளைகளைப் பெற்ற தந்தை, நேர்மையான உழைப்பாளி. ஆனால், எதிர் லயத்துப் பையன் அதன்பின் எங்கள் வீட்டுக்கு விளையாட வரவே இல்லை. அவர்கள் குடும்பம் பின்னர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. இரண்டு வெள்ளியைப் பத்து நாளில் திருப்பி வைத்தோம். அவன் பட்ட அடியை எங்களால் திருப்பி எடுக்க முடியவில்லை.