கையில் கொடுத்த பை

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியபோது எனக்கு 74 வயது. வீட்டில் எல்லோரும் தாங்கினார்கள். "மாமா, நீங்க உக்காருங்க, நான் எடுத்தாறேன்" என்பாள் மருமகள். தண்ணீர் சொம்பு முதல் பேப்பர் வரை கைக்கே வந்தது. சட்டைப் பித்தானைக்கூட மனைவிதான் போட்டுவிட்டாள்.

இரண்டு மாதத்தில் வாசற்படி இறங்கினாலே மூச்சு வாங்கியது. குளியலறைக் கதவைத் தாழ் போடப் பயம். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இதயம் சரியாத்தான் வேலை செய்யுது. நீங்கதான் வேலை செய்யல. நடங்க" என்றார்.

விஷயம் தெரிந்து, கல்வே காலேஜில் என்னோடு படித்த நண்பன் மறுநாள் காலை 5.30 மணிக்கே வந்து நின்றான். நம் பீச் ரோடில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் கிடையாது. முதல் நாள் காந்தி சிலையிலிருந்து பிரெஞ்சு போர் நினைவுச் சின்னம் வரைதான். அவன் என் கையைப் பிடிக்கவில்லை. பேசிக்கொண்டே கூட வந்தான். பதில் சொல்ல எனக்கு மூச்சு முட்டினால், "துஸ்மான், துஸ்மான்" என்பான். பிரெஞ்சில் 'மெல்ல' என்று அர்த்தம். பேச முடிகிற வேகமே சரியான வேகம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஒரு மாதத்தில் துய்ப்ளேக்ஸ் சிலை வரை போய்த் திரும்பினேன்.

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் ரொசெட்டோ என்று ஒரு சிற்றூர். இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஊர். பக்கத்து ஊரைவிட அங்கே மாரடைப்புச் சாவு குறைவு என்று 1960களில் மருத்துவர்கள் எழுதினார்கள். மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்வதும், பெரியவர்களுக்கு இருந்த மதிப்பும்தான் காரணம் என்றார்கள். அந்த ஒட்டுறவு குறைந்தபோது சாவும் கூடியதாம்.

என் வீட்டிலும் ஒட்டுறவுக்குக் குறைவில்லை. ஆனால் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இதை மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று அழுதுவிட்டாள். பயம் எனக்கு மட்டும் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். காய்கறிப் பையை அவளே எடுத்துக் கையில் கொடுத்தாள். "நாக்கடியில வைக்கிற மாத்திரை சட்டைப் பையில இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றாள்.

உங்கள் வீட்டிலும் என்னைப் போல் ஒருவர் இருந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். முடிந்தால் கொஞ்ச தூரம் கூட நடந்து போங்கள்.