டியூ முடியட்டும், அப்புறம் வரட்டும்

தேவாரத்தில் ஜீப் ஓட்டுகிறவர் வெறும் டிரைவர் இல்லை. ஏலத்தோட்ட வேலைக்குக் கேரளப் பக்கம் போகிற சனம் வெள்ளனவே எழுந்து, தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு தெருமுனையில் நிற்கும். போடி வழியாகப் போனால் போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவு. அங்கிட்டுப் போனால் கம்பம்மெட்டு. ஊருக்கு நேர் மேலே சாக்குலூத்து மெட்டு இருக்கிறது. அந்த வழியாக ரோடு போடுங்கள் என்று ஊர் எத்தனையோ வருசமாகக் கேட்டும் அது காட்டுப் பாதையாகவே கிடக்கிறது. அதனால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான் தினமும்.

எங்கள் மாமா அப்படி ஒரு ஜீப் ஓட்டுகிறார். எந்த எஸ்டேட்டில் காய் எடுப்பு ஆரம்பித்திருக்கிறது, எங்கே கூலி இழுக்காமல் கைக்கு வரும், எந்தக் கங்காணிக்கு வாய் நீளம், எந்த அக்காவுக்கு இடுப்பு வலி என்பதால் முன்சீட்டு தரணும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். தோட்டக்காரர் “நாளைக்குப் பத்தாள் வேணும்” என்று அவருக்குத்தான் போன் போடுவார். ஆள் சேர்ப்பதும் கூலி பேசுவதும் அவர்தான். வண்டி ஓட்டுவது அந்த வேலையில் ஒரு பகுதி. (ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்ற கணக்கு மட்டும் அவருக்குத் தெரியாது. அதாவது, தெரியாத மாதிரி இருப்பார்.)

மாமாவிடம் வண்டி பழகிய பெரியப்பா மகன் அண்ணன், 2016-இல் சென்னைக்குப் போய் ஒரு ஆப்பில் காரை அட்டாச் பண்ணினார். அப்போது எல்லா ஆப்களும் இன்சென்டிவைக் கொட்டிக்கொண்டிருந்த நேரம். ஊருக்கு வரும்போதெல்லாம் இன்னும் நாலு பேரைக் கையோடு கூட்டிப்போவார். பிறகு வழக்கமானதுதான். வண்டிகள் பெருகின, இன்சென்டிவ் கரைந்தது, டியூ மட்டும் அப்படியே நின்றது. 2022-இல் முதல் வண்டியை விற்று இரண்டாவது வண்டி எடுத்தார். அதற்கும் டியூ.

போன வருசம் அவர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். அமெரிக்காவில் ஸ்டீயரிங் தானாகச் சுற்றுகிறது, முன்சீட்டில் ஆளே இல்லை. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: “டேய் தம்பி, நீ கம்ப்யூட்டர்லதான இருக்க. இது சென்னைக்கு எப்ப வரும்? ஏன்னா, என் டியூ முடியட்டும், அப்புறம் வரட்டும்.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வேமோ, 2020-லேயே அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் ஓட்டுநர் இல்லாத காரைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஊர் ஊராகத் தெருவை அங்குலம் அங்குலமாக வரைபடமாக்கி, அந்த எல்லைக்குள்தான் ஓடும். குழம்பி நின்றால் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் திரையைப் பார்த்து வழி சொல்வார். 2025-இல் ஆஸ்டினிலும் அட்லாண்டாவிலும் ஊபர் ஆப்பில் கார் கூப்பிட்டால் வேமோ வந்து நிற்கத் தொடங்கியது. அண்ணனை உறுத்தியது இதுதான். “அதே ஆப்பு. நம்மள மட்டும் கழட்டிட்டாங்க.”

இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம், ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்று 2023-இல் நிதின் கட்கரி சொன்னார். அண்ணனுக்கு அது ஆறுதல். எனக்கு அவ்வளவாக இல்லை. அமைச்சரின் சொல்லைவிடப் பெரிய தடுப்பு ஒன்று இருக்கிறது. கூரையில் லேசர் கருவியும் சுற்றிலும் கேமராவும் பொருத்திய ஒரு காரின் விலைக்கு, சென்னையில் ஒரு ஆக்டிங் டிரைவரைப் பல வருசம் வைத்துக்கொள்ளலாம். நம் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது நம் கூலி குறைவு என்பதுதான். இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

ஆனால் செயற்கை அறிவு வந்து உட்காரப்போகும் இடம் டிரைவர் சீட்டு என்று நினைத்தே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அது ஏற்கெனவே வந்துவிட்டது. உட்கார்ந்திருப்பது மாமாவின் இடத்தில். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு ஆள் கிடைக்கும், எவ்வளவு கேட்கலாம், எந்த வழியாகப் போகலாம், யாருக்கு எந்தச் சவாரி என்று மாமாவின் தலைக்குள் இருப்பதெல்லாம் அண்ணனுக்குப் போனுக்குள் இருக்கிறது. அதுவும் அவருடைய போனில் ஓடுகிறதே தவிர, அவருக்குத் தெரியாது. மாமா பேரம் பேசுவார். அண்ணனுக்கு “அக்செப்ட்” பட்டனும் சில விநாடிகளும்தான். மிச்சமிருப்பது ஒரு லைசென்ஸ், இரண்டு கை, ஒரு கடன்.

ஒருமுறை அவர் ஐடி பிளாக் ஆனது. காரணம் கேட்டால் “எங்கள் அமைப்பு கண்டறிந்துள்ளது” என்று ஒரே மெசேஜ் திரும்பத் திரும்ப வந்தது. எந்த அமைப்பு, எதைக் கண்டறிந்தது? ஒன்பது நாள் வண்டி சும்மா நின்றது. பத்தாம் நாள் காரணம் சொல்லாமலே திறந்துவிட்டார்கள். மாமாவோடு சண்டை போட்டவர்கள் உண்டு, காரணம் தெரியாமல் போட்டவர்கள் கிடையாது.

இந்த மாதிரி விசயத்தைப் பிரிட்டனிலும் போர்ச்சுகலிலும் ஓட்டுநர்கள் விடவில்லை. ஊபர், ஓலா இரண்டின் மீதும் ஆம்ஸ்டர்டாமில் வழக்குப் போட்டார்கள். தானியங்கி முறையில் எடுத்த முடிவுகளுக்கு விளக்கம் தரணும் என்று 2023 ஏப்ரலில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இங்கே தமிழ்நாடு அரசு அதே 2023-இல் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்தது. விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஏன் பிளாக் பண்ணினாய் என்று கேட்கும் உரிமை அதில் வராது. 2020-21-இல் நாட்டில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாகவும், 2029-30-இல் அது 2.35 கோடியாகும் என்றும் நிதி ஆயோக் கணித்திருக்கிறது. இதைப் படிக்கிற உங்களில் சிலரும் அந்தக் கணக்கில் இருக்கலாம்.

போடியில் ஏலக்காய் ஏலத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் குரல் கொடுத்து விலை ஏற்றுவார்கள். இப்போது ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம். வியாபாரிகள் முன்னால் கம்ப்யூட்டர், ஒரு கிண்ணத்தில் மாதிரிக் காய், பட்டனைத் தட்டினால் விலை. கூவுகிற குரலுக்கு வேலை போனது, காய் வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுநர் கையில் இருந்த ஒரே காய், ஊரையும் ஆளையும் அறிந்த அறிவு. அதைக் காசு வாங்காமலே ஆப்புக்குக் கொடுத்துவிட்டோம். ஒவ்வொரு சவாரியிலும் கொடுக்கிறோம்.

அண்ணன் இப்போது ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார். அதில் பதினோரு நம்பர். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போகும் ஒரு பெரியவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவர், அதிகாலை ஏர்போர்ட் போகிற ஒரு மேடம். எல்லாம் டைரக்ட் சவாரி. அந்த மாத டியூவில் பாதி இதிலேயே வந்துவிடுகிறது என்றார்.

மாமாவின் வேலையை எந்த ஆப்பும் தொடாது என்று நான் நினைத்திருந்தேன். அது சரிதான், தொடவில்லை. ஆனால் மலையில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் பக்கத்து ஆட்கள் தோட்டத்திலேயே தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு ஜீப் வேண்டாம்.

போன தீபாவளிக்கு அண்ணன் ஊருக்கு வந்தபோது இன்னும் 19 டியூ பாக்கி. “மாப்ள, ஜீப்ப நீ எடுத்துக்கிறியா?” என்று மாமா கேட்டார்.

அண்ணன் வேண்டாமென்று சொல்லவில்லை. “காய் சீசன்ல ஒரு நாளைக்கு இப்ப எத்தன பேர் ஏறுறாங்க மாமா?”

மாமா தெருவாரியாக விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.