கைகூப்பினால் தீருமா பகை?

மறையூரின் சந்தனக் காட்டையும் கரும்பு வயல்களையும் விட்டு மலைப்பாதையில் சுமார் 40 கி.மீ. ஏறினால் மூணாறு. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே மவுண்ட் கார்மல் ஆலயம். 1898-ல் தொடங்கிய இந்தப் பங்கின் ஆலயம் 2024-ல் பசிலிக்காவாக உயர்ந்தது.

தமிழ்த் திருப்பலி. நற்செய்தி வாசிக்குமுன் எல்லோரும் எழுந்து நெற்றி, உதடு, மார்பில் பெருவிரலால் சிலுவை வரைகிறார்கள். இறைவார்த்தை சிந்தையில் பதிந்து, வாயில் ஒலித்து, நெஞ்சில் தங்க வேண்டும் என்பது பொருள். பழகிய கைக்கு இது சுலபம்.

கடினமானது பிறகு வருகிறது. நற்கருணை வாங்குமுன் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்ல வேண்டும். மேலைநாடுகளில் கைகுலுக்குகிறார்கள், இங்கே கைகூப்புகிறார்கள். இந்திய ஆயர்கள் கேட்டு 1969-ல் ரோம் அனுமதித்த 12 மாற்றங்களில் இதுவும் ஒன்று.

காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு சமரசமாகச் சொன்னவர் இயேசு. பேச்சுவார்த்தை அற்றுப்போன பக்கத்து வீட்டுக்காரர் பின்வரிசையிலேயே நிற்கலாம். கும்பிடத் திரும்பினால் அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். ஜெபங்கள் மனப்பாடமாகிவிடும். இந்த ஒரு கும்பிடு மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகவே இருக்கிறது.