பெயர் சுருங்கிய கதை

எழுத்தைச் சிக்கனம் செய்வதால் கெடுதி என்ன விளையும் என்று நேயர்கள் கேட்கலாம். விளையும் என்பதை நான் என் தொழிலிலேயே கண்டேன்.

கணினிக்கு நிரல் எழுதுவது என் பிழைப்பு. சங்கமொன்றின் அங்கத்தினர் பட்டியலை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும் வேலை எங்களிடம் வந்தது. “தமிழ்ப் பெயர்கள் மும்மடங்கு இடத்தை விழுங்குகின்றன, ஆங்கில எழுத்தில் உள்ளதே போதும், தமிழை நீக்கிவிடலாம்” என்றார் உடனிருந்த ஒருவர். அவரும் தமிழரே.

அவர் கணக்குப் பொய்யன்று. யூடிஎஃப்-8 என்னும் முறையில் ஆங்கில எழுத்தொன்று ஒரு பைட்டில் அடங்கும். தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைட்டு வேண்டும். ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. ஆகவே 15 பைட்டு. ஜேசான் வடிவில் எழுதும் சில நிரல்கள் ஒவ்வொரு குறியையும் ஆறெழுத்தாக விரித்து, அதனை 30 ஆக்கிவிடும்.

ஆயினும் அம்மூன்று பைட்டுகளை உற்று நோக்கினேன். முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதே பலவாறு மாறுகிறது. ஓயாமல் திரும்பி வருவதைச் சுருக்குவதற்கன்றோ அறிஞர் வழி கண்டிருக்கின்றனர்! அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியும் அரிதாய் வருவதற்கு நீண்ட குறியும் தரும் முறையை 1952-இல் ஹஃப்மன் வெளியிட்டார். முன் வந்த தொடர் மீண்டும் வருமாயின், ‘இத்தனை இடம் பின்சென்று இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று மட்டும் குறிக்கும் வழியை 1977-இல் ஸிவ், லெம்பெல் இருவரும் கூறினர். இவ்விரண்டும் சேர்ந்த ஜீஸிப்பைக் கொண்டு பட்டியலைச் சுருக்கினேன். தமிழோடு சுருக்கிய கோப்பு, தமிழில்லாமல் சுருக்காது விட்ட கோப்பினும் சிறிதாயிற்று. (ஒற்றைப் பெயரைத் தனியே சுருக்கினால் இப்பயன் கிட்டாது, பட்டியல் நீளவேண்டும்.) மீண்டும் விரித்தபோது ஒரு புள்ளியும் குறையாமல் பெயர்கள் திரும்பி வந்தன.

ஆங்கில எழுத்தில் ஒடுக்கிய பெயர் அவ்வாறு திரும்புமோ? என் பாட்டியாரின் பெயர் தோட்டத்துக் கிராணியார் பேரேட்டில் ஆங்கிலத்தில்தான் இருந்தது. நம் லகரமும் ளகரமும் அங்கே ஒரே ‘எல்’ ஆயின. அவர் வள்ளியோ, வல்லியோ? எழுத்தறியாத அவர் வேறெங்கும் எழுதிவைக்கவில்லை; இன்று கேட்டறியவும் எவருமில்லை.

பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டபோது, ணா, லை முதலியவற்றின் வடிவை எளிதாக்கினாரேயன்றி ஒலியைக் களைந்தாரில்லை. நம்மவர் சிலரோ ஒலியைக் களைந்துவிட்டு அதற்குச் சிக்கனம் என்று பெயரிடுகின்றனர்.

மறுநாள் இரு கோப்புகளையும் நண்பர் முன் வைத்தேன். அளவைப் பார்த்தார், பிறகு பட்டியலில் தம் தகப்பனார் பெயரைத் தேடிப் பார்த்தார். “இருக்கட்டும்” என்றார்.